கூட்டேரிப்பட்டில் இடது பக்கம்

பாண்டுரங்கன் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திண்டிவனம் டிப்போவிலிருந்து எந்தெந்தத் திக்குக்கு வண்டி புறப்படுமோ அத்தனை திக்குக்கும் கால் கடுக்க நின்றபடியே போய் வந்திருக்கிறார். ஆனால் ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். "ஓட்றவன் வேற, நடத்துறவன் வேற. நான் நடத்துறவன்."

அதனால், மகள் கலைப்பிரியா ஓசூரில் புதுக் கார் வாங்கிக்கொண்டு தன் பழைய மாருதியை அப்பா அம்மாவுக்கு என்று கொண்டுவந்து நிறுத்தியபோது, அதை ஓட்டக் கற்றுக்கொண்டது அவர் மனைவி அம்பிகாதான். ஓமந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், பேரப்பிள்ளை வயதுப் பசங்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் கேலி பேசினார்கள். பாண்டுரங்கன் மட்டும் முதல் நாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்துதான் ஒரு டிரைவர். அவள் கண்ணும் காலும், அவர் வழி. "அதோ ரேஷன் கடை தெரியுது பாரு, அத்தத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்" என்பார். "அடுத்த வளைவுல பள்ளம் கீது, மெதுவா போ." வலதுக்கு சோத்தாங்கை, இடதுக்கு பீச்சாங்கை. இங்கிலீஷில் லெஃப்ட் ரைட் என்று அவர் வாயில் வழி வந்ததே இல்லை. 'ரைட்' என்றால் வண்டியை எடு, நிற்காதே, நேரே போ. 'ஹோல்டான்' என்றால் நிறுத்து. அவ்வளவுதான் அவருடைய இங்கிலீஷ். அவர் சொல்லச் சொல்ல ஓட்டியே பழகியதில் அம்பிகா எந்த வழியையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்தில் மயிலம், செஞ்சி, மரக்காணம், புதுச்சேரி என்று எங்கெங்கோ ஓட்டிப் போயிருந்தாள். தனியாகப் போகச் சொன்னால் மார்க்கெட்டைத் தாண்டத் தெரியாது.

ஒரு மாசி மாதக் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை போகவில்லை. அம்பிகா ஓடி வந்து "இன்னா ஆச்சிங்க?" என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறந்தார். குழறலாக ஏதோ வந்தது. பக்கவாதம்.

கை கால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய திரும்பிவிட்டன. பேச்சுதான் வரவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆரோக்கியசெல்வி என்ற அம்மாள் விளக்கிச் சொன்னாள். அவருக்கு எல்லாம் புரிகிறது. மனிதர்கள் தெரியும், ஊர் தெரியும், நேற்று நடந்ததும் தெரியும். உள்ளே இருப்பது வார்த்தையாக வெளியே வருகிற இடத்தில்தான் அடைப்பு. எழுதச் சொன்னாலும் அதே அடைப்பு.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. ரைட்.

"ஆயிரக்கணக்கான தடவ சொல்லித் தேஞ்ச வார்த்தைம்மா அது. யோசிக்காமயே வந்துடும்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "சில பேருக்கு சாமி பேரு நிக்கும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை. இவருக்கு இது நின்னிருக்கு."

காபி வேண்டுமா என்றால் ரைட். வேண்டாம் என்றாலும் ரைட். முதுகு வலித்தால் ரைட். மகள் போனில் அழைத்து "அப்பா" என்றால், கண் கலங்கிக்கொண்டு ரைட். குரலை வைத்தும் முகத்தை வைத்தும் அம்பிகாதான் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி சரியாக இருக்கும். பாதி தப்பாகப் போய், அவர் நெற்றியில் அறைந்துகொள்வார்.

வாரம் இரண்டு நாள் அவரைப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். புதுச்சேரிக்குள் நுழைந்துவிட்டால் ஒருவழிப் பாதைகள் அவளை எங்கெங்கோ சுற்றவிட்டன. போனில் மேப் போட்டுப் பார்த்தாள். மடியில் வைத்தால் கண்ணுக்கு எட்டவில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் மேப் போய் அவர்கள் பேர் வந்து நின்றது. ஒரு முறை கோரிமேட்டருகே நின்று, வழி தெரியாமல் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். பக்கத்தில் பாண்டுரங்கன் இடது கையை நீட்டி, ஏதோ ஒரு தெருவைக் காட்டி, "ரைட், ரைட்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் அதை நம்பிப் போகத் தைரியம் இல்லை.

"தனியா ஒரு ஜிபிஎஸ் வாங்கிடும்மா" என்றாள் கலைப்பிரியா. "கண்ணாடியில ஒட்டிக்கற மாதிரி இருக்கு. நெட்டே வேணாம், மேப்பு உள்ளயே இருக்கும். அப்பாவ நீ தொந்தரவு பண்ண வேணாம் பாரு."

அந்தக் கடைசி வாக்கியம் அம்பிகாவுக்கு உறுத்தியது. இருந்தாலும் போனாள்.

விழுப்புரத்தில் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில், சீட் கவரும் ஹாரனும் விற்கிற கடை. ஆனந்தராஜ் என்பவர் நடத்தினார். அவர் பாண்டுரங்கனுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு, கண்ணாடி மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது, ரேடியோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துகிற பெரிய திரை. "பாட்டு, பின்பக்க கேமரா எல்லாம் இதுலயே வந்துடும்மா. ஆனா சிம் போடணும். சிக்னல் இல்லாத ஊர்ல மேப்பு நின்னுடும்." இரண்டாவது கையடக்கம், திரை சின்னது. மூன்றாவது ஒரு சாண் அகலம், ரப்பர்க் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், மேப் உள்ளேயே இருக்கும், தமிழில் பேசும்.

அம்பிகா சத்துணவுக்கு அரிசி மூட்டை எடுத்தவள். பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டாள். மூன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சின்னதில் ஒன்றும் தெரியவில்லை. பெரியது கீழே இருக்கும். அதைக் குனிந்து பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது? மூன்றாவது வெயிலிலும் தெரிந்தது.

"ஊர் பேர தமிழ்ல அடிச்சா எடுத்துக்குமா?"

"அடிச்சுப் பாருங்களேன்."

யோசித்து, நாத்தனார் ஊரை அடித்தாள். மேல்சித்தாமூருக்கு அந்தாண்டை ஒரு சின்ன கிராமம். பாண்டுரங்கனின் அக்கா அஞ்சம்மாள் அங்கேதான் இருந்தாள். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் போனபோது ஏழு வயதுத் தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனவள்.

திரையில் நீலக் கோடு ஒன்று ஓடிப் போய் அந்த ஊரில் நின்றது. விழுப்புரத்திலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்பி, வயல்களுக்கு நடுவே ஊர் ஊராக ஒரு குறுக்கு வழி.

ஸ்டூலில் இருந்த பாண்டுரங்கன் எழுந்து வந்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கேயே தட்டினார். "ரைட்" என்றார். மறுபடியும் தட்டினார். "ரைட்... ரைட்!"

"பாத்தீங்களா, சாருக்கே புடிச்சிப் போச்சி" என்று ஆனந்தராஜ் சிரித்தார்.

அம்பிகாவும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவர் ஒன்றில் இவ்வளவு அக்கறை காட்டியது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் முகம் ஏன் சிவந்திருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாவதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

அது வந்தபின் புதுச்சேரி சுலபமாகிவிட்டது. "இருநூறு மீட்டரில் வலது புறம் திரும்பவும்" என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. முதல் சில வாரம் அந்தக் குரலுக்கு முன்னாலேயே பாண்டுரங்கன் கையைக் காட்டுவார். காட்டிவிட்டு அவளைப் பார்ப்பார். "ஆமாங்க, அதத்தான் அதுவும் சொல்லுது" என்பாள் அம்பிகா. அவர் மனசைக் குளிரப் பண்ணத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் கை உயர்வது குறைந்தது.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. அந்த மாதம் ஒரு நாள் காலை, பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க இருவரும் விழுப்புரம் போனார்கள். வேலை முடிந்து காரில் ஏறும்போது மணி பதினொன்று. போன் அடித்தது. அஞ்சம்மாளின் மகன் ராஜவேலு.

"அத்த, எங்க கீறீங்க? அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கினு கீது. டாக்டரு வூட்லயே வச்சிக்கச் சொல்லிட்டாரு. கண்ணத் தெறந்து தெறந்து மாமாவத்தான் கேக்குது. ஜல்தி இட்டாந்துடுங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பாண்டுரங்கன் கேட்டுவிட்டார். அவரே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

அம்பிகா கருவியில் ஊர் பெயரைத் தொட்டாள். ஒரு மணி எட்டு நிமிஷம் என்று காட்டியது. கிளம்பினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினாள். அவர் இரண்டு கையையும் டாஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, வண்டியைத் தள்ளுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கூட்டேரிப்பட்டு நெருங்கியது. "ஐநூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்."

"ரைட்" என்றார் பாண்டுரங்கன்.

அம்பிகா இண்டிகேட்டர் போட்டாள், இடது பக்கம்.

"ரைட்! ரைட்!" அவர் கையை நேராக, திண்டிவனம் போகிற ரோட்டைப் பார்த்து நீட்டினார்.

"இருங்க, பாத்து திரும்பறேன்."

"ரைட், ரைட், ரைட்!" இடது கையால் டாஷ்போர்டை அடித்தார். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஸ்டியரிங் ஆடியது. பின்னால் வந்த லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனான்.

அம்பிகா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். "செத்த சும்மா இருங்க!" என்று கத்தினாள். "வழி தெரிஞ்சிதானே அது சொல்லுது? உங்க பேச்ச கேட்டுக்கினு எங்கன்னு போறது நானு? ரைட்டு ரைட்டுன்னா, சோத்தாங்கைப் பக்கமா, நேராவா, இன்னாத்த கண்டேன்?"

முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. அவர் அவளைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். வண்டி இடது பக்கம் திரும்பியது.

முதல் ஏழெட்டுக் கிலோமீட்டர் நல்ல ரோடுதான். பிறகு தார் போய் ஜல்லி வந்தது. அதற்கப்புறம் ஒரு வளைவு. வளைவு திரும்பினால் ரோடே இல்லை. ஓடையின் குறுக்கே இருந்த தரைப்பாலம் நடுவில் பெயர்ந்து, சிமெண்டுக் குழாய்கள் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தன. செங்காவித் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மோட்டார் சைக்கிள் போகிற அகலத்துக்கு மரக்கட்டை போட்டிருந்தார்கள்.

திருப்பப் பின்னால் எடுத்தாள். இடது பின்சக்கரம் வரப்போரச் சேற்றில் இறங்கியது. மிதிக்க மிதிக்க அது மேலும் இறங்கியது. "நேராகச் செல்லவும்" என்றது கருவி.

மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வரப்பேறி வந்தாள். பவுனு என்று பேர். அவள் புருஷன் பக்கத்துக் கழனியில் டிராக்டர் வைத்திருந்தான். குரல் கொடுத்து அவனை வரச் சொன்னாள்.

"இந்த வழியா யாரும்மா வரச் சொன்னது? போன வருச மழையிலயே பாலம் பூட்ச்சே. பஸ்ஸே இந்தாண்ட வர்றதில்ல, திண்டிவனத்த சுத்திக்கினுதான் போவுது."

"இந்த மெஷினுதாம்மா காட்டிச்சி."

பவுனு குனிந்து காருக்குள் பார்த்தாள். "கூட பெரியவரு ஒருத்தரு உக்காந்துகினு கீறாரே. பாத்தா நம்ம கண்டக்டரு மாதிரி கீது. அவராச்சும் சொல்லக் கூடாதா?"

அம்பிகா கண்ணாடியில் ஒட்டியிருந்த திரையைப் பார்த்தாள். கடையில் அவர் விரல் எங்கே நின்று தட்டியது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போன வருஷ மழை ஓய்ந்ததும், தை மாதத்தில், அக்காவைப் பார்க்கத் தனியாக பஸ்ஸில் போய்விட்டு வந்து, "பாலம் பூட்ச்சி, இனிமே சுத்திக்கினுதான் போவணும்" என்று அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னது, கொஞ்சம் முன்னால் கூட்டேரிப்பட்டில் 'ரைட்' என்று சொன்னது, எல்லாம் நினைவுக்கு வந்தது. நேரே போ, நிற்காதே என்று தெளிவாகத்தான் சொன்னார். அந்த வார்த்தைக்கு அவர் வாயில் வேறு அர்த்தமே கிடையாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.

டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுப்பதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் பாண்டுரங்கன் காரை விட்டு இறங்கி ஓடைக் கரையில் நின்றார். மரக்கட்டை வழியாக நடந்து போய்விடலாமா என்று பார்க்கிறவர் போல இரண்டு தடவை கால் வைத்தார். வலது கால் இன்னும் அவ்வளவு பலப்படவில்லை. பவுனு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அம்பிகா ராஜவேலுவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

வந்த வழியே திரும்பி, திண்டிவனம் போய், செஞ்சி ரோட்டைப் பிடித்து ஊருக்குள் நுழையும்போது மணி இரண்டரை. தெருமுனையிலேயே பறைச்சத்தம் கேட்டது.

திண்டிவனத்துக்குச் சொல்லி வரவழைத்திருந்த குளிர்பெட்டியில் வைப்பதற்காக அஞ்சம்மாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு மூச்சு அடங்கியிருக்கிறது. அவர் காட்டியபடி நேரே திண்டிவனம் போய் வந்திருந்தால் பன்னிரண்டரைக்கே வந்திருக்கலாம்.

"வழியிலதான் வந்துகினு கீறாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன் அத்த" என்று ராஜவேலு அழுதான். "வண்டி சத்தம் கேட்டாப் போதும், வாசலப் பாக்கும். கடைசியா பால் ஊத்தும்போதுகூட ரங்கன் வந்துட்டானான்னு கேட்டுச்சி. வந்துட்டாரும்மான்னு பொய் சொல்லிட்டேன்."

பாண்டுரங்கன் அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தார். ஈரமாயிருந்த பாதத்தைத் தன் துண்டால் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து துடைத்தார்.

மறுநாள் மதியம் எடுத்தார்கள். பாடையைத் தோளுக்கு ஏற்றிய நேரம் பெண்கள் எல்லாம் அலற, கூட்டத்தில் நின்ற பாண்டுரங்கனும் வாயைத் திறந்தார். "ரைட்" என்றார். சத்தமாக, உடைந்த குரலில். இன்னொரு தடவை. முன்னால் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா சாவுக்கு ரைட்டுன்றாரே மனுசன்" என்று யாரோ சொல்ல, ஒரு பொடிசு களுக்கென்று சிரித்தது. அம்பிகாவுக்கு உடம்பு கூசியது. அவரை இழுத்து ஓரமாக நிறுத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னவன் முகத்தைப் பார்த்து, "அவுரு அழுவறாரு" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்: "நான்தாங்க கெடுத்தேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் நம்பல." அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அவள் தலையில் கை வைக்கவும் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

பயிற்சிக்கு வழக்கம்போலப் போய்வந்தார்கள். கருவியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று அம்பிகாவுக்கு எத்தனையோ நாள் தோன்றியது. ஆனால் அது இல்லாமல் அவளால் புதுச்சேரிக்குள் நுழைய முடியாது. அவருக்குப் பயிற்சி நின்றுவிடக் கூடாது. ஒரு நாள் மட்டும் அதன் குரலை அணைத்துவிட்டு, கோரிமேட்டுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, "எந்தப் பக்கங்க போவணும்? நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் கைகள் மடியில் கிடந்தன. முன்கண்ணாடி வழியே, டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பயணி மாதிரி, ரோட்டைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். "கைய மட்டும் காட்டுங்க, போதும்" என்று கெஞ்சினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்திரையில் அவருக்கு 'தண்ணி' வந்தது. பிறகு 'சோறு', 'வா', மகள் பேரில் பாதி. 'ரைட்' குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. "ரொம்ப நல்ல அறிகுறிம்மா, தானா வர்ற அந்த வார்த்தை விட்டுப்போனாத்தான் மத்தது வரும்" என்று ஆரோக்கியசெல்வி கைதட்டினாள். அம்பிகாவும் சிரித்து வைத்தாள். கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும், அவரை உட்கார வைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி அதன் மறைவில் நின்று அழுது தீர்த்தாள்.

அஞ்சம்மாளின் வருஷப் படையலுக்கு ராஜவேலு வந்து அழைத்தான். இருவரும் காலையிலேயே கிளம்பினார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி ரோடு. அந்த ஒரு வழியை அவள் மனதில் ஏற்றி வைத்திருந்தாள், எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் கழனிகள் பச்சையாக நின்றன. ஒவ்வொரு நிறுத்தமாக வர வர அந்த ஊரின் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அவரும் கூடச் சொல்லுவார் என்று ஓர் ஆசை. தீவனூர் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். அக்கா வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை அவள் எழுப்பவில்லை.